பூனை ஹதீஸும் ஒரு மாணவியின் கேள்வியும்



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்களிடம் ஓதிய மாணவி ஒருத்தி தன் கணவருடன் எங்கள் இல்லத்திற்கு வந்தாள். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் நாங்கள் கணவன் மனைவி இருவரும் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூரார் வீரமாமுனிவரையும் அடைக்கல மாதா கோயிலையும் நினைப்பார்கள். அதே ஊரின் ஓரத்தில் எங்கள் சிறிய மதரஸாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடந்து வருகிறது.

வந்தவள் ஸலாம் கூறி அமர்ந்தாள். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பாயின் மீது வைத்தாள்.

"ஹஜ்ரத், பதினைந்து நாளாக இதை நான் சாப்பிடவில்லை" என்றாள். அவள் கணவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். வலி மீண்டும் தொடங்கிவிட்டதாகவும், தாம் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை என்றும் அவர் மெல்லிய குரலில் கூறினார்.

காரணத்தைக் கேட்டோம். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள்: "உஸ்தாபி எனக்குப் பூனை ஹதீஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதற்காக எலியின் வயிற்றைக் கீறி, அதற்கு இதே நோயை உண்டாக்குகிறார்கள் என்று படித்தேன். இந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை இன்னோர் உயிருக்குக் கொடுத்து வந்த மருந்தை நான் எப்படி விழுங்குவது?"

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகத்திற்குரியவள் ஆனாள் என்ற அந்த நபிமொழியை நாங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். அது பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாத்திரை அட்டையின் வடிவில் எங்கள் முன் வந்து அமரும் என்று எண்ணியதில்லை. உடனே பதில் சொல்ல எங்களால் இயலவில்லை. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது தவறு என்பதை மட்டும் அன்றே சொல்லி, மாத்திரையைத் தொடரச் செய்து அனுப்பினோம். மற்றவற்றிற்கு அவகாசம் கேட்டோம். அந்த அவகாசத்தில் நாங்கள் படித்தறிந்ததையும், எங்களைப் பற்றியே நாங்கள் அறிந்துகொண்டதையும் இங்கே பகிர்கிறோம்.

முதலில் அந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரில் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலின் மேற்பரப்பிலும் வயிற்றின் உட்சுவரிலும் வளர்கிறது. மாதந்தோறும் சுரப்பு நீர்களின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அதுவும் வீங்கிக் கசிகிறது. வெளியேற வழியில்லாத அந்த இரத்தம் உள்ளுக்குள்ளேயே அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டியையே 'சாக்லேட் சிஸ்ட்' என்று நம் வீட்டுப் பெண்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பிள்ளைப்பேறும் பலருக்குத் தடைப்படுகிறது. கருவுறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, உலகம் முழுவதும் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் இன்னதென்று கண்டறியப்படவே 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு.

எங்கள் மாணவிக்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. பதின்மூன்று வயதில் வலி தொடங்கியது. ஒரு மருத்துவமனையில், திருமணமானால் சரியாகிவிடும் என்றார்கள். திருமணம் ஆயிற்று, வலி தீரவில்லை, குழந்தையும் இல்லை. கடைசியில் தஞ்சாவூரில் துளைவழி அறுவை சிகிச்சை செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. இப்போது அவள் உட்கொள்ளும் டயனோஜெஸ்ட் மாத்திரை வலியைத் தணித்து வைக்கும்; நோயை வேரோடு களையாது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அதனால்தான் ஆய்வுகள் தொடர்கின்றன. அவற்றில் விலங்குகளும் இடம்பெறுகின்றன.

அவள் படித்தது உண்மையே. எலிக்கும் சுண்டெலிக்கும் மனிதப் பெண்ணைப் போல் மாதவிடாய் வருவதில்லை. ஆகவே அவற்றிற்கு இந்நோய் தானாக வருவதுமில்லை. எலியின் கருப்பையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்து, அதே எலியின் குடலருகே தைத்துவிடும் முறை 1985ஆம் ஆண்டு முதல் வழக்கத்தில் உள்ளது. தைத்த திசு வளர்ந்தபின் மருந்தைக் கொடுத்து, பின்னர் எலியைக் கொன்று, கட்டி எவ்வளவு சுருங்கியது என்று அளந்து பார்ப்பார்கள். மாதவிடாய் உள்ள பபூன் குரங்குகளிலும் இவ்வாய்வுகள் நடந்துள்ளன. முள்மயிர் கொண்ட ஒருவகைச் சுண்டெலிக்கு மாதவிடாய் உண்டு என்பதை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட பின், அதன் மீதும் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியுள்ளது.

இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது? கால்நடைகளை மனிதரின் பயனுக்காகப் படைத்திருப்பதாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் கூறுகிறான். பூமியில் ஊர்வனவும் இறக்கைகளால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் அவனே கூறுகிறான். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் ஏற்க வேண்டும். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். உயிருள்ள எதையும் குறிபார்த்து எறியும் இலக்காக ஆக்கக் கூடாது என்று தடுத்ததும், விலங்கின் முகத்தில் சூடுபோடுவதைக் கண்டித்ததும் அவர்களே. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் கட்டளை உள்ளது. ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், மனிதன் மீது கால்நடைகளுக்கு உள்ள உரிமைகளைத் தனியே தொகுத்து எழுதியுள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்தராமல் போன விலங்குக்கும் தீனி போட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இவற்றிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டது இதுதான். மனிதரின் கடும் வேதனையைத் தீர்க்க வேறு வழியில்லாத இடத்தில் விலங்காய்வுக்கு இடமுண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஓர் உயிரைக்கூட எடுத்தல் ஆகாது; தவிர்க்கக்கூடிய வேதனையைத் தருதல் ஆகாது; பயன் உண்டு என்ற நியாயமான எதிர்பார்ப்பும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

ஏனெனில், எலியில் பலித்தது பெண்ணில் பலிக்கவில்லை என்ற செய்தியை மீண்டும் மீண்டும் படித்தோம். எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் ரலாக்சிஃபீன் என்ற மருந்து எலிகளில் இக்கட்டிகளைச் சுருக்கியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 93 பெண்களைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். ரலாக்சிஃபீன் உட்கொண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களைவிட விரைவாக வலி திரும்பியது. சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் முடிவு 2008இல் வெளியாயிற்று. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் பபூன் குரங்குகளில் நற்பலன் தந்தன. அதே வகையைச் சேர்ந்த இன்ஃப்லிக்சிமாப் மருந்தைப் பெல்ஜியத்தில் 21 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வலியில் வேறுபாடு தெரியவில்லை. அதுவும் 2008ஆம் ஆண்டின் செய்தியே.

காரணத்தின் ஒரு பகுதி நம் நாட்டு ஆய்விலேயே கிடைத்தது. மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசிய இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தார், சுண்டெலியில் உண்டாக்கிய இந்நோயைக் கூர்ந்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். திசுப்பெருக்கமும் அழற்சியும் சுண்டெலியில் காணப்பட்டன. ஆனால் பெண்களின் உடலில் உறுப்புகளைப் பிணைத்து இறுக்கும் நார்த்தன்மை அதில் உருவாகவில்லை. அதாவது, சுண்டெலியில் தைத்து வளர்த்த நோயும் பெண்ணிடம் உள்ள நோயும் ஓரளவே ஒத்தவை.

எனினும் விலங்காய்வு முழுவதும் வீண் என்று கூறுவதும் நேர்மையாகாது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற பெண்களில் 64 சதவீதத்தினரின் கருப்பைப் படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி காணப்பட்டது. நோயற்ற பெண்களில் அது 10 சதவீதத்திற்கும் குறைவு. அக்கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது புண்கள் பெருகின. கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தபோது குறைந்தன. பெண்களிடமும் இது பலிக்குமானால், எளிதில் கிடைக்கும் மருந்தாலேயே பலர் நிவாரணம் பெறக்கூடும். இந்த ஆய்வில் முதற்படி எது என்பதைக் கவனியுங்கள். அது பெண்களைப் பரிசோதித்து அறிந்த உண்மை. சுண்டெலி இரண்டாவதாகவே வந்தது.

இங்கேதான் எங்கள் மாணவியின் கேள்வி எங்களையே நோக்கித் திரும்பியது. இந்நோயில் பெண்ணை வாட்டுவது வலி. எலியில் அளக்கப்படுவது பெரும்பாலும் கட்டியின் அளவு. எலிக்கு வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்க இயலாது. மெல்லிய இழையால் அதன் வயிற்றைத் தொட்டு, எப்போது துள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். முகத்தைச் சுளிக்கிறதா என்று பார்க்கிறார்கள். வாயில்லா உயிரிடம் இத்தனை பாடுபட்டுக் கேட்கும் கேள்வியை, வாயுள்ள பெண்ணிடம் யார் கேட்டார்கள்?

நாங்கள் கேட்கவில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் சென்ற பிறகு, மதரஸாவின் பழைய வருகைப் பதிவேடுகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தோம். அவளுடைய பதின்மூன்றாம் வயதிலிருந்து, மாதந்தோறும் மூன்று நாள் அல்லது நான்கு நாள் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் 'விடுப்பு' என்று நாங்களே எழுதியிருக்கிறோம். இரண்டு இடங்களில் 'அடிக்கடி விடுப்பு. பெற்றோரிடம் கூறவும்' என்ற குறிப்பும் உண்டு. ஹைளுடைய நாட்களிலும் மற்ற மாணவிகள் வந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் வருவதில்லை. ஒருமுறை வகுப்பிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், ஸப்ர் செய் என்று சொன்னோம். ஸப்ர் என்ற உயர்ந்த சொல்லை ஒரு குழந்தையின் வாயை அடைக்கப் பயன்படுத்தினோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

மார்க்கம் நமக்கு இந்த வழியைக் காட்டவில்லை. மாதவிடாயைக் குறித்து வினவப்பட்டபோது, அது ஒரு தொல்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனத்தில் அல்லாஹ்வே குறிப்பிடுகிறான். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்பதே இல்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து முறையிட்டார்கள். நபியவர்கள் அதைச் செவிமடுத்து, அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று பிரித்துக் காட்டினார்கள். ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களும் தம் கடுமையான உதிரப்போக்கை எடுத்துச் சொன்னார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். இயல்பானது எது, நோய் எது என்று பிரித்தறியும் பாடம் நம் ஃபிக்ஹு நூல்களில் பல பக்கங்களுக்கு உண்டு. அதை நாங்கள் ஆண்டுதோறும் நடத்தினோம். நாட்களை எண்ணக் கற்றுக்கொடுத்தோம். வலியைச் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை.

பெண்கள் சொல்லாமலும் நாம் கேளாமலும் இருந்தால், அந்த வெற்றிடத்தை விலங்குகளைக் கொண்டு நிரப்புவதே ஆய்வாளருக்கு எளிதாகிறது. கேட்கத் தொடங்கும் இடத்தில் வேறு வழிகள் திறக்கின்றன. நியூயார்க்கிலுள்ள ஃபைன்ஸ்டீன் ஆய்வு நிறுவனம், பெண்கள் தம் இல்லத்திலேயே சேகரித்து அனுப்பும் மாதவிடாய் உதிரத்தை ஆராய்ந்து, அறுவையின்றி இந்நோயைக் கண்டறிய முயல்கிறது. பெண்களின் திசுவிலிருந்தே ஆய்வகத்தில் சிறு உருண்டைகளாக வளர்க்கும் மாதிரிகளில் மருந்துகளைச் சோதிக்கும் வழியும் உருவாகியுள்ளது. மும்பை நிறுவனத்தின் தலைமையில், நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் இந்நோயுற்ற பெண்களின் வரலாற்றையும் மரபணு விவரங்களையும் திரட்டும் ஆய்வு ஒன்றும் நடைபெறுகிறது. அத்தகைய ஆய்வில் ஒரு பெண் மனமுவந்து பங்குகொள்வது, பல எலிகளின் உயிரைக் காக்கும் தர்மமாகவும் அமையலாம் என்று நாங்கள் கருதுகிறோம்.

சட்டமும் இத்திசையில் மெல்ல நகர்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவே, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வித்திட்டது. அதன்கீழ் 1998இல் வந்த விதிகளின்படி, விலங்காய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருந்தாக வேண்டும். அதன் அனுமதியின்றி ஓர் எலியைக்கூடத் தொடலாகாது. 2023ஆம் ஆண்டின் புதிய மருந்து விதித் திருத்தம், மனித உயிரணுக்களைக் கொண்டும் கணினியைக் கொண்டும் செய்யும் சோதனைகளை, விலங்குச் சோதனைக்கு மாற்றாகவும் துணையாகவும் ஏற்க வழிசெய்தது. இம்முயற்சிகள் வெற்றிபெற வேண்டும் என்று விரும்புவதும் துஆச் செய்வதும் பூனை ஹதீஸைக் கற்பிக்கும் நமக்குக் கடமையாகும்.

ஒரு வாரம் கழித்து அவளை அழைத்தோம். அறிந்ததை எல்லாம் ஒளிக்காமல் கூறினோம். "மகளே, இந்த மாத்திரையை உட்கொள்வது உன் மீது பாவம் அன்று. அந்த உயிர்கள் போனது போனதுதான். நீ மருந்தை மறுப்பதால் அவை திரும்பி வருவதில்லை. உன் உடலும் உன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆனால் உன் மனம் கலங்கியது சரியே. அந்தக் கலக்கத்தைக் கைவிட்டுவிடாதே" என்றோம். பிறகு பழைய பதிவேட்டை அவள்முன் விரித்து வைத்து, எங்கள் பிழைக்கு மன்னிப்புக் கேட்டோம்.

அவள் சிவப்பு மை எழுத்துக்களின் மீது விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்பு, "உஸ்தாபி, இதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா? வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை" என்றாள். எங்களால் பேச இயலவில்லை. பதினோர் ஆண்டுகள் எங்கள் பரணில் கிடந்த சாட்சி அது.

இப்போது பெண்பிள்ளைகளுக்கு ஹைளுடைய சட்டங்களை நடத்தும்போது ஒரு சிறு குறிப்பேடும் கொடுக்கிறோம். நாட்களைக் குறிக்கும் கட்டத்தின் அருகே வலியைக் குறிக்கவும் ஒரு கட்டம் உண்டு. நிற்க முடியாத வலி, வாந்தி, மயக்கம், மாதந்தோறும் பள்ளியையும் மதரஸாவையும் தவறவிடும் வலி ஆகியவை இயல்பானவை அல்ல என்று சொல்கிறோம். தாய்மார்களை அழைத்தும் சொன்னோம். அன்று பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய், தம் மகளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தோம். அவர் எழுந்து, "உஸ்தாபி, எனக்கே இருபது வருடமாக இப்படித்தான் இருக்கிறது" என்றார்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை மாதந்தோறும் சுருண்டு படுக்கிறாள் என்றால், அருகில் அமர்ந்து கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் தட்டிக்கழித்தால் மற்றொருவரிடம் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பெண்மக்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்காக மருந்து தேடுவோரின் உள்ளத்தில், வாயில்லா உயிர்களின் மீது இரக்கத்தைப் போடுவாயாக! வாயிருந்தும் சொல்ல முடியாமல் இருப்பவர்களின் சொல்லைக் கேட்கும் செவிகளை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.